பைக்கின் உயரத்தை வீட்டிலேயே குறைப்பது எப்படி: கால் எட்டாதவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

உயரம் குறைந்தவர்கள் பைக் தேடும்போது முதலில் பார்ப்பது சீட் உயரம் எத்தனை மி.மீ. என்பதைத்தான். அந்த எண் பாதி உண்மையைத்தான் சொல்லும். 800 மி.மீ. உயரமும் ஒடுங்கிய சீட்டும் உள்ள பைக்கில் நன்றாகக் கால் ஊன்றுகிற ஒருவருக்கு, 780 மி.மீ. உயரத்தில் அகலமான சீட் உள்ள பைக்கில் பெருவிரல் நுனி மட்டுமே தரையைத் தொடலாம். தொடை விரிய விரிய, தரைக்குக் கிடைக்க வேண்டிய கால் நீளம் பக்கவாட்டில் போய்விடுகிறது. ஏறி உட்கார்ந்தால் பைக் எவ்வளவு அமுங்கும் என்பதும் அந்த எண்ணில் இல்லை.

அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பலருக்குத் தேவையான உயரக் குறைப்பில் பெரும்பகுதி, சஸ்பென்ஷனின் ஒரு பாகத்தைக்கூட மாற்றாமல் கிடைத்துவிடும். அதையும் தாண்டித் தேவைப்பட்டால்தான் இரும்பில் கை வைக்க வேண்டும். கை வைத்தால் முன்னும் பின்னும் சேர்த்தே வைக்க வேண்டும்.

எவ்வளவு குறைக்க வேண்டும்?

இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும் என்று நினைப்பதுதான் தேவைக்கு மேல் குறைக்க வைக்கிறது. இரண்டு காலின் முன்பாதமும் அழுத்தமாக ஊன்றினாலோ, இடுப்பைச் சற்று நகர்த்தி ஒரு காலை முழுதாக ஊன்ற முடிந்தாலோ போதும். சிக்னலில் நிற்க ஒரு கால் தாராளம். மறு கால் பிரேக்கில் இருக்கட்டும்.

உங்கள் தேவையை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. வழக்கமாக ஓட்டும்போது போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு பைக்கில் உட்காருங்கள். ஒருவர் முன்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை நேராக நிறுத்தட்டும். உங்கள் இரண்டு காலுக்கும் கீழே ஒரே தடிமனுள்ள பலகைத் துண்டுகளை வைத்துக்கொண்டே போங்கள். வண்டியைத் தைரியமாகத் தாங்க முடிகிறது என்று தோன்றும் இடத்தில் பலகையின் தடிமனை அளந்தால் அதுதான் உங்களுக்குத் தேவையான குறைப்பு. பெரும்பாலும் அது நினைத்ததைவிடச் சிறிய எண்ணாகத்தான் வரும். 20 மி.மீ. பலகையே பெரிய வித்தியாசம் காட்டும்.

இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி செய்யும் ஒவ்வொன்றையும் இதிலிருந்து கழித்துக்கொண்டே வரப் போகிறோம். முதல் கழிப்பு ஷூ. அடிப்பாகம் தடித்த ரைடிங் பூட்ஸ் 10 மி.மீ.க்கு மேல் தந்துவிடும். கியர் லீவருக்குக் கீழே பாதம் நுழைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிரீலோடு: செலவில்லாத முதல் வேலை

பிரீலோடு என்பது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைத்திருக்கும் அளவு. உயரம் குறைந்தவர்களில் பலர் எடையிலும் குறைந்தவர்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் ஸ்பிரிங் அமைப்போ ஒரு சராசரி எடையை மனதில் வைத்தது. லேசான ஆள் உட்கார்ந்தால் பைக் அமுங்க வேண்டிய அளவுக்கு அமுங்குவதில்லை. சீட் உயரமாகவே நிற்கிறது, பள்ளத்தில் இடுப்பும் இடிபடுகிறது. இதைச் சரிசெய்தால் உயரமும் குறையும், ஓட்டமும் மேம்படும்.

இதை மூன்று முறை அளக்க வேண்டும். பின் ஆக்ஸிலிலிருந்து அதற்கு நேர் மேலே வால் பகுதியில் ஒரு புள்ளி வரை அளக்கிறோம். அந்தப் புள்ளியில் ஒரு டேப் துண்டை ஒட்டிவிடுங்கள். முதல் அளவு, பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது. இரண்டாவது, பைக் தன் எடையில் மட்டும் சக்கரங்களில் நிற்கும்போது. மூன்றாவது, நீங்கள் ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு, கால்கள் ஃபுட்பெக்கில் இருக்க உட்கார்ந்திருக்கும்போது. மூன்றாவதுக்கு இரண்டு பேர் உதவி வேண்டும், ஒருவர் பிடிக்க, ஒருவர் அளக்க.

600, 588, 566 மி.மீ. என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 12. இது பைக்கின் சொந்த இறக்கம். முதலிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் 34. இது ஆள் ஏறிய இறக்கம். சாலை பைக்குகளில் பின்பக்கச் சொந்த இறக்கம் 5 முதல் 15 மி.மீ. வரையும், ஆள் ஏறிய இறக்கம் 30 முதல் 40 மி.மீ. வரையும் இருப்பது நல்லது. சஸ்பென்ஷன் பயணம் அதிகமுள்ள அட்வெஞ்சர் வகை பைக்குகளில் மொத்தப் பயணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆள் ஏறிய இறக்கமாக இருக்கலாம்.

உங்கள் ஆள் ஏறிய இறக்கம் 20 மி.மீ.தான் என்றால் பிரீலோடைத் தளர்த்துங்கள். பின்பக்க ஷாக்கின் (ஷாக் அப்சார்பர்) ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் வளையம் படிப்படியாக வெட்டப்பட்டதாக இருந்தால் கொக்கி ஸ்பேனரால் ஒரு படி கீழே. மரை வளையமாக இருந்தால் முதலில் பூட்டு வளையத்தைத் தளர்த்தி, அடுத்ததைச் சுற்ற வேண்டும். மரையில் மண் இருந்தால் பிரஷ் போட்டுக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள், இல்லையென்றால் அலுமினிய மரை நசுங்கிவிடும். ஷாக்கில் வளையம் நகரும் தூரம் சக்கரத்தில் பெருகித்தான் வெளிப்படும் என்பதால் ஒரு சுற்று சுற்றி, மறுபடி அளந்து, பிறகு அடுத்த சுற்று.

பிரீலோடு ஸ்பிரிங்கை மென்மையாக்குவதில்லை. பைக் எந்த உயரத்தில் நிற்கும் என்பதை மட்டுமே அது மாற்றும். அதனால் 40 மி.மீ.க்கு மேலும் இறக்கிக்கொண்டே போனால், பள்ளத்தை விழுங்கத் தேவையான பயணத்தை நின்ற இடத்திலேயே செலவழித்துவிடுகிறீர்கள். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து கடகடக்கும் அளவுக்கு வளையத்தைக் கழற்றவும் கூடாது. முழுதாகத் தளர்த்தியும் ஆள் ஏறிய இறக்கம் 25ஐ எட்டவில்லை என்றால் அந்த ஸ்பிரிங் உங்கள் எடைக்குக் கடினமானது. மென்மையான ஸ்பிரிங் போடுவதுதான் அப்போது சரியான தீர்வு. லோயரிங் கிட் (உயரம் குறைக்கும் பாகங்களின் தொகுப்பு) வாங்கும் காசை அதில் போடுங்கள் என்பேன்.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாயான முன்ஃபோர்க்கிலும் இதே மூன்று அளவு. மேலே பிரீலோடு திருகு இருந்தால் அதே முறை. இல்லாத ஃபோர்க்கை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

சீட்

மிகக் குறைவாக மதிக்கப்படும் வழி இது. பல நிறுவனங்கள் தங்கள் மாடல்களுக்கே தாழ்ந்த சீட்டைத் தனியாக விற்கின்றன. கிடைத்தால் அதைவிடச் சுலபம் எதுவுமில்லை, வேண்டாம் என்றால் பழையதை மாட்டிக்கொள்ளலாம்.

நீங்களே வெட்டுவதானால், சீட்டைக் கழற்றிக் கவிழ்த்து, உறையின் ஸ்டேப்பிள் பின்களைத் தட்டையான ஸ்குரூடிரைவரால் ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். உள்ளே ஸ்பாஞ்சில் மார்க்கரால் கோடு போட்டுவிட்டுக் கத்தி வைக்க வேண்டும். உயரத்தைக் குறைப்பதற்கு முன் முன்பகுதியின் இரண்டு பக்க ஓரங்களையும் சரிவாகச் செதுக்குங்கள். தொடை உரசும் அந்த இடம் ஒடுங்கினாலே கால் நேராக இறங்கும். பிறகு உட்காரும் இடத்தில் 20 மி.மீ. வரை சீவலாம். நீளமான, கூர்மையான கத்தியால் மெல்லிய ஏடுகளாகச் சீவி, கடைசியில் முரட்டு உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். சீட்டின் அடித்தட்டு தட்டுப்படும் அளவுக்கு வெட்டினால் அரை மணி நேரம்கூட உட்கார முடியாது. அதற்கு முன்பே நிறுத்தி, மேலே அடர்த்தியான ஸ்பாஞ்ச் ஏடு ஒன்றை ஒட்டுங்கள். உறையை இழுத்துப் பின் அடிப்பதற்கு முன், வெறும் ஸ்பாஞ்சோடு சீட்டை மாட்டி உட்கார்ந்து பாருங்கள். திருத்துவதற்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

இந்த மூன்றையும் முடித்துவிட்டு மறுபடி பலகை வைத்துப் பாருங்கள். தேவை பூஜ்யத்துக்கு வந்திருந்தால் இத்தோடு எழுந்து கை கழுவிவிடலாம்.

இரும்பில் கை வைப்பதற்கு முன் கொஞ்சம் கணக்கு

பின்பக்கத்தை மட்டும் இறக்கிவிட்டு ஓட்டுகிறவர்கள் ஏராளம், ஏனென்றால் அது சுலபம். என்ன ஆகிறது? பைக் பின்னால் சாய்கிறது, ஃபோர்க்கின் சாய்வுக் கோணம் கூடுகிறது, முன்சக்கரத்தின் மேல் எடை குறைகிறது. சக்கரங்களுக்கு இடையே 1400 மி.மீ. உள்ள பைக்கில் ஒரு முனையை மட்டும் 25 மி.மீ. இறக்கினால் முழு வண்டியும் ஏறத்தாழ 1 டிகிரி சாய்கிறது. ஸ்டீரிங்கைத் தானாக நேராக்கும் அந்தப் பின்தள்ளல், அதாவது டிரெயில், சுமார் 6 மி.மீ. மாறுகிறது. சாலை பைக்குகளில் டிரெயில் பெரும்பாலும் 100 மி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் 6 என்பது அலட்சியப்படுத்தும் எண் இல்லை. திருப்பங்களில் வண்டி அகலமாகப் போகும், மெதுவாகத் திருப்பும்போது ஹேண்டில் கனக்கும். முன்பக்கத்தை மட்டும் இறக்கினால் நேரெதிர்: படபடவென்று திரும்பும், வேகத்தில் நடுங்கும், பலமாகப் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் லேசாகும்.

இன்னொரு கணக்கும் பலர் போடுவதில்லை. சீட் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, பின்பக்கம் தள்ளி இருக்கிறது. பின்னால் 30 மி.மீ. இறக்கினால் நீங்கள் உட்காரும் இடம் ஏறத்தாழ 20 மி.மீ.தான் இறங்கும். முன்னாலும் 30 இறக்கினால்தான் மீதி 10 கிடைக்கும். இரண்டு பக்கமும் சமமாக இறக்குவதில் ஸ்டீரிங்கும் பிழைக்கிறது, உயரமும் முழுதாகக் கிடைக்கிறது.

என் வரம்பு 25 முதல் 30 மி.மீ. அதற்கு மேல் போனால் வளைவில் ஃபுட்பெக்கும் சைலன்சரும் சீக்கிரம் தரையில் உரசும், வேகத்தடையில் அடிப்பாகம் தட்டும். சஸ்பென்ஷனை மின்னணு முறையில் தானே சரிசெய்துகொள்ளும் பைக்குகளை வீட்டில் தொடாதீர்கள். அவற்றின் உயர சென்சார்களுக்கு நீங்கள் செய்தது தெரியாது. உங்கள் ஊர்ச் சட்டமும் காப்பீடும் இந்த மாற்றத்தைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதையும் முன்கூட்டியே பாருங்கள்.

எந்தப் பக்கம் முதலில்? பின்பக்கம். பின் ஷாக்கோடு சேர்ந்த இணைப்புத் துண்டான லிங்கோ, ஷாக்கோ குறிப்பிட்ட அளவுகளில்தான் கிடைக்கும், முன்ஃபோர்க்கை வேண்டிய அளவுக்கு நகர்த்திப் பொருத்திக்கொள்ளலாம்.

பின்பக்கம்

உங்கள் பைக்கில் எந்த அமைப்பு என்று குனிந்து பாருங்கள்.

இரட்டை ஷாக் இருந்தால் வேலை சுலபம். கண்ணுக்குக் கண், அதாவது மேல் போல்ட் துளையிலிருந்து கீழ் துளை வரை, நீளம் குறைந்த, அதே வகைப் பிடிப்புள்ள, உங்கள் எடைக்கு ஏற்ற ஜோடி ஒன்று வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஒரு பக்கத்தைக் கழற்றி மாட்டுங்கள். மறுபக்க ஷாக் அதுவரை சக்கரத்தைத் தாங்கும். நீளம் வேறு என்பதால் போல்ட் துளை நேர்கோட்டில் வராது. சக்கரத்துக்குக் கீழே கட்டை வைத்து ஏற்றி இறக்கினால் வந்துவிடும். ஒற்றை ஷாக் நேரடியாக ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) பிடித்திருந்தால் குட்டையான ஷாக் வாங்குவதுதான் நேர்மையான வழி. பிடிப்புத் துளையை நகர்த்துவது, வெல்டிங் வைப்பது எல்லாம் வேண்டாம்.

ஷாக்குக்குக் கீழே லிங்கேஜ் இருக்கும் பைக்குகளில், ‘டாக்போன்’ எனப்படும் இரண்டு தட்டையான இணைப்புத் துண்டுகளை மாற்றுவார்கள். பெரும்பாலான அமைப்புகளில் நீளமான துண்டு போட்டால் பின்பக்கம் இறங்கும். துண்டின் நீளத்தில் சில மி.மீ. கூடினாலே சக்கரத்தில் அதைப் போலப் பல மடங்கு இறங்கும். அதனால் கண்ணளவில் பட்டறையில் வெட்டிக் கொள்ளாமல், உங்கள் மாடலுக்கென்று செய்த கிட்டை வாங்குங்கள்.

முதலில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரம் தொங்கும்போது டயருக்கும் அதற்கு மேலே உள்ள மட்கார்டு, வயர், சீட் அடித்தட்டு இவற்றில் மிக நெருக்கமானதற்கும் உள்ள இடைவெளியை அளங்கள். அதிலிருந்து பின்சக்கரப் பயணத்தைக் கழியுங்கள், அது மேனுவலில் இருக்கும். மிஞ்சுவதிலிருந்து குறைக்கப் போகும் அளவையும் கழியுங்கள். குறைந்தது 10 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். லிங்க் மாறினாலும் ஷாக்கின் பயணம் மாறுவதில்லை, சக்கரம் மட்டும் முன்பைவிட மேலே வந்து நிற்கும். அதனால்தான் இந்தக் கழித்தல்.

அடுத்தது இந்த வேலையிலேயே ஆபத்தான கட்டம். ஸ்விங் ஆர்மைத் தூக்கும் பேடாக் ஸ்டாண்டில் வண்டியை வைத்துக்கொண்டு லிங்க் போல்டைக் கழற்றக் கூடாது. அந்த ஸ்டாண்டில் நிற்கும்போதும் பின்பக்க எடை முழுவதையும் தாங்குவது ஷாக்கும் லிங்கும்தான். போல்ட் வெளியே வந்த கணமே வண்டி அப்படியே உட்காரும், உங்கள் விரல் உள்ளே இருக்கும். எடை சட்டத்தில் நிற்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சட்டத்தின் உறுதியான இடங்களில் இரு பக்கமும் தாங்கி, ஹேண்டிலை வாரால் இருபுறமும் கட்டி, முன்பிரேக்கையும் கட்டிவிடுங்கள்.

பின்சக்கரத்துக்குக் கீழே சிறு ஜாக்கியோ ஆப்புக் கட்டைகளோ வையுங்கள். நட்டைக் கழற்றியபின் போல்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். லேசாகச் சுழன்று வெளியே வந்தால் அதன் மேல் எடை இல்லை. சுத்தியல் கேட்கிறது என்றால் சக்கரத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள் அல்லது இறக்குங்கள். துண்டுகளை எடுத்தபின் ஊசி பேரிங்குகளைத் துடைத்து, துரு இல்லையென்று பார்த்து, தண்ணீர் தாங்கும் கிரீஸ் புதிதாக வையுங்கள். இந்த இடம் பல ஆண்டுகள் யாரும் எட்டிப் பார்க்காமல் கிடந்திருக்கும். புதிய துண்டுகளை மாட்டி, மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். ஒரு முறை கழற்றிய பூட்டு நட்டுகளைப் புதிதாகப் போடுவது நல்ல பழக்கம்.

முன்பக்கம்

ஃபோர்க் குழாய்களை அவற்றைப் பிடித்திருக்கும் மேல், கீழ் கிளாம்ப்களுக்குள் மேலே நகர்த்தினால் முன்பக்கம் இறங்கும். ஃபோர்க் சாய்ந்து நிற்பதால் 30 மி.மீ. நகர்த்தினால் உயரம் ஏறத்தாழ 27 மி.மீ. குறையும்.

இங்கேயும் இடக் கணக்கு உண்டு, இங்கே தவறினால் விளைவு மோசம். ஃபோர்க் முழுதாக நீண்டிருக்கும்போது முன்மட்கார்டின் உச்சிக்கும், அதற்கு மேலே முதலில் தட்டக்கூடிய கீழ் கிளாம்ப், ரேடியேட்டர், ஹாரன் இவற்றுக்கும் உள்ள தூரத்தை ஃபோர்க்கின் சாய்விலேயே அளங்கள். 165 மி.மீ. இருக்கிறது, ஃபோர்க் பயணம் 130 என்றால் மிச்சம் 35. பாதுகாப்புக்கு 10 விட்டால் 25 மி.மீ.க்கு மேல் நகர்த்த முடியாது. பின்பக்கத்துக்கு 30 திட்டமிட்டிருந்தால் அதையும் இதற்கேற்பக் குறைத்துத்தான் வாங்க வேண்டும். ஆகவே கிட் வாங்குவதற்கு முன்பே இந்த அளவை எடுத்துவிடுங்கள். குழாயின் தலை ஹேண்டில்பாரில் முட்டுகிறதா என்றும் பாருங்கள். தடித்த குழாய் மேலே இருக்கும் தலைகீழ் ஃபோர்க்குகளில், கிளாம்ப் பிடிக்கும் இடம் சரிவான பகுதிக்குப் போய்விடக் கூடாது.

1. வண்டியை நேராக நிறுத்தி, எஞ்சினுக்குக் கீழே பலகை வைத்து ஜாக்கியால் லேசாகத் தாங்குங்கள். சைலன்சர் குழாய், ஆயில் ஃபில்டர் மேல் ஜாக்கி படக் கூடாது. முன்சக்கரம் தரையில் இருக்கட்டும், பின்பக்கத்தைக் கட்டிவிடுங்கள்.

2. இரண்டு குழாய்களும் மேல் கிளாம்புக்கு மேலே இப்போது எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று அளந்து எழுதுங்கள். மூடியை விட்டுவிட்டுக் குழாயின் விளிம்பிலிருந்து அளங்கள்.

3. மேல் கிளாம்ப் போல்டுகளைத் தளர்த்துங்கள். ஹேண்டில் நேரடியாகக் குழாயைப் பிடித்திருந்தால் அதையும். பிறகு கீழ் கிளாம்ப் போல்டுகள்.

4. ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்குங்கள். வண்டி இறங்க, குழாய்கள் தாமாக மேலே வரும். ஒட்டிக்கொண்டிருந்தால் ஹேண்டிலை லேசாக அசையுங்கள்.

5. இரு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும். அரை மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

6. கீழ் கிளாம்ப், பிறகு மேல் கிளாம்ப் என்று டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு போல்ட் இருந்தால் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக. அளவுக்கு மீறி இறுக்கினால் குழாய் நசுங்கி ஃபோர்க் சிக்கும்.

7. ஆக்ஸிலின் பிடிப்பு போல்டைத் தளர்த்தி, முன்பிரேக் பிடித்தபடி ஃபோர்க்கைச் சில முறை அமுக்கி எடுத்து, மறுபடி இறுக்குங்கள். இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக வந்து நிற்கும்.

8. ஹேண்டிலை முழுதாக இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், கேபிள் எதுவும் இழுபடவோ நசுங்கவோ கூடாது. டேங்கில் கை இடிக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் மறந்துபோகும் விஷயங்கள்

சைடு ஸ்டாண்டுதான் முதலில் பழிவாங்கும். வண்டி இறங்கிவிட்டது, ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருக்கிறது. பைக் கிட்டத்தட்ட நேராக நிற்கும், லேசான சரிவில் மறுபக்கம் சாய்ந்து விழும். நீளம் மாற்றக்கூடிய ஸ்டாண்டு கிடைத்தால் வாங்குங்கள். இரும்பு ஸ்டாண்டை வெட்டி வெல்டிங் வைப்பதானால், இறக்கிய அளவைவிடக் குறைவாகவே முதலில் வெட்டுங்கள். அலுமினிய ஸ்டாண்டென்றால் அதில் கைதேர்ந்த வெல்டரிடம்தான் கொடுக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போடுவதும் இனி கடினமாகும். பின்சக்கரத்தை ஒரு மெல்லிய பலகைமேல் ஏற்றிவிட்டுப் போட்டால் எளிது.

செயின் தொய்வை மறுபடி பாருங்கள். என்ஜின் பக்க ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். இறக்கிய பைக் நின்ற நிலையிலேயே அந்தக் கோட்டுக்கு நெருங்கிவிட்டது. ஆள் உட்கார்ந்து அமுக்கினாலும் செயின் விறைக்காமல் கொஞ்சம் தொய்வு மிஞ்ச வேண்டும். ஹெட்லைட் எங்கே விழுகிறது என்று இரவில் சுவரில் பார்த்துத் திருத்துங்கள். இறக்கத்தையும் மறுபடி அளந்து பிரீலோடைச் சரிசெய்யுங்கள்.

சில குறுக்கு வழிகளைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஷாக் ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள், நெருப்பில் காட்டி உட்கார வைக்காதீர்கள். சூடேறிய ஸ்பிரிங் தன் பலத்தை இழந்து கணிக்க முடியாதபடி நடந்துகொள்ளும். நைட்ரஜன் அழுத்தத்தில் இருக்கும் ஷாக்கை வீட்டில் பிரிக்காதீர்கள். ஃபோர்க்குக்குள் ஸ்பேசர் வைத்துப் பயணத்தையே குறைப்பது நல்ல முறைதான், ஆனால் அதைச் சஸ்பென்ஷன் பட்டறையில் கொடுத்துச் செய்வதே நல்லது.

முதல் ஓட்டம் காலியான இடத்தில். மெதுவாக இரு பக்கமும் வட்டம் போடுங்கள், பிறகு பிரேக், பிறகு மேடு பள்ளம். புறப்படும் முன் ஃபோர்க்கின் நகரும் குழாயில் ஒரு கேபிள் டையை லேசாகப் பிடிக்கும்படி கட்டிவிட்டால், ஃபோர்க் எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதை அது நின்ற இடம் காட்டும். பின்னால் மட்கார்டின் உள்பக்கம் டயர் உரசிய பளபளப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் அன்றைக்கே பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். ஏறக்குறைய 100 கி.மீ. ஓடியபின் கிளாம்ப், லிங்க், ஆக்ஸில் போல்டுகள் அத்தனையையும் டார்க் ரென்ச்சால் ஒரு சுற்று சரிபாருங்கள். பின்னால் ஒருவரை ஏற்றுவதானால், அவர் ஏறும் முன் பிரீலோடைக் கூட்டிவிட்டு, இறங்கியதும் உங்கள் அளவுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். எந்தப் படி யாருக்கு என்று ஸ்விங் ஆர்மில் பெயிண்டால் இரண்டு புள்ளி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் டேப்பைத் தேட வேண்டியதில்லை.